கவர்மெண்டு மாப்பிள்ளை ஜாமீன் நிற்கப் போனார்

ரோசிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவளுடைய அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பையன் தேயிலைக் கொழுந்துக் காட்டில் வேலை செய்கிறானா, வேறு வேலையா? போஸ்ட் ஆபீஸில் என்றதும் மனுஷர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. "கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்டு உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். பீர்மேட்டுப் பக்கம் செம்பாறை எஸ்டேட்டில் அன்றைக்குக் காக்கிச் சட்டை போட்டுப் பையைத் தோளில் மாட்டி நடந்தவர் பாஸ்கல் ஒருத்தர்தான். அந்தக் கால் காசு நிஜமாகவே கால் காசுதான் என்பது, கல்யாணம் முடிந்த முதல் மாதம் சம்பளக் கவர் ரோசியின் கைக்கு வந்தபோது தெரிந்தது.

விஷயம் இதுதான். பாஸ்கல் தபால் இலாகாவின் ஆள்; ஆனால் இலாகா ஊழியர் அல்ல. கிராமத்துத் தபால்காரர்களுக்கென்று ஜி.டி.எஸ். என்ற பெயரில் இலாகா தனிப் பந்தி போட்டிருக்கிறது. அந்தப் பந்தியில் சம்பளத்துக்குப் பெயர் அலவன்ஸ். வேலை நாலைந்து மணி நேரம் என்று ஏட்டில் இருக்கும். ஏட்டுக்கு மலை ஏறத் தெரியாது. ஜங்ஷனில் பஸ் இறக்கிவிடும் பையை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி, பங்களா, நாலு டிவிஷன் தொழிலாளர் லயங்கள் என்று சுற்றி இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. அறுபத்தைந்து வயதில் ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கும்பிடு போட்டு அனுப்புவார்கள். மாதா மாதம் வருகிற பென்ஷன் மட்டும் கிடையவே கிடையாது.

கொழுந்து கிள்ளப் போன ரோசிக்கோ, பி.எஃப். உண்டு, போனஸ் உண்டு, கம்பளி உண்டு, விறகு உண்டு. ஓய்வு பெற்றதும் எஸ்டேட் தவணை தவணையாக இழுத்தடித்தாலும் கிராஜுவிட்டியைக் கொடுத்து முடித்தது. சின்னதோ பெரிதோ, மாதம் பிறந்தால் பென்ஷன் வேறு. பி.எஃப். பணத்தில் எஸ்டேட் எல்லையை ஒட்டி மூன்று சென்ட் வாங்கி இரண்டு அறை கட்டினாள். கூலிக்காரி சம்பாதித்த வீட்டில் கவர்மெண்டு குடியிருந்தது.

ரோசி அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "கவர்மெண்டு எந்திரிச்சாச்சா? காப்பி ஆறுது." பாஸ்கல் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டதே இல்லை. ஊரும் அப்படித்தானே கூப்பிட்டது. மாதா கோவில் வரியில் இரண்டு வகை: தொழிலாளிகளுக்கு ஒன்று, எஸ்டேட் ஸ்டாஃப், வாத்தியார், சர்க்கார் ஆட்களுக்கு அதைவிட இரண்டு மடங்கு. முதல் தடவை பங்குக் கணக்குப்பிள்ளை கேட்காமலேயே அவர் பெயரைப் பெரிய வரியில் எழுதினார். பாஸ்கல் மறுக்கவில்லை. அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மடங்கு கட்டி வருகிறார். தபால் யூனியன்காரர்கள் ஸ்ட்ரைக் என்று கூப்பிட்டால் டவுனுக்குப் போய், "எங்களையும் அரசு ஊழியர் ஆக்கு" என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வருவார். ஊரில் கேட்டால் "ஒரு மீட்டிங்" என்பார். இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷர் எப்படித்தான் நிமிர்ந்து நடந்தாரோ.

இதெல்லாம் அவரோடு போயிருக்கும். வம்பு சிட்டியில் வந்தது.

இந்தப் பக்கம் சிட்டி போடாத குடும்பம் இல்லை. தமிழ்நாட்டில் சீட்டு என்பார்களே, அதுதான். மாதா மாதம் கட்டி, ஏலத்தில் நம் பெயர் விழுந்தாலும் பணத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். மீதித் தவணைக்கு ஜாமீன் வேண்டும். ஜாமீன் என்றால் சர்க்கார் உத்தியோகஸ்தரின் சம்பள சர்டிபிகேட். அதனால் கேரளத்தில் சிட்டி பிடித்தவன் முதலில் தேடுவது பணத்தை அல்ல, ஒரு சர்க்கார் ஆளை. செம்பாறையில் இருந்த ஒரே சர்க்கார் ஆள் யார்?

ஆட்கள் வந்தார்கள். பாஸ்கலுடைய சர்டிபிகேட்டை எந்தச் சிட்டி ஆபீஸிலும் எடுக்க மாட்டார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆரம்பத்தில் சொந்த மைத்துனனுக்காக ஒரு தடவை போய், செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். என் கையெழுத்து செல்லாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதில், "நான் யாருக்கும் ஜாமீன் நிக்கிறதில்ல. வேதத்துலயே வேண்டாம்னு இருக்கு" என்றார். கூடப் பிறந்தவன் வந்தாலும் இதே பதில்தான் என்று கறாராகவும் சொன்னார். கல்நெஞ்சுக்காரன் என்று பெயர் வந்தது. கல்நெஞ்சுக்காரக் கவர்மெண்டு என்றால் பரவாயில்லை, கவர்மெண்டே இல்லை என்று யாரும் சொல்லாதவரை.

அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருவன் நல்லதம்பி. பாஸ்கல் வீட்டுக்குக் கீழ்ப் பாதையில் இருக்கும் லயத்துக்காரன், ஃபேக்டரியில் வேலை செய்தவன். பழைய ஜீப் ஒன்று வாங்கி டிரிப் ஓட்டவேண்டும் என்று சிட்டி பிடித்திருந்தான். பாஸ்கல் மாட்டேன் என்றதும் அலைந்து திரிந்து கடைசியில் கீழே ஒரு வாத்தியாருக்குக் கமிஷன் கொடுத்துக் கையெழுத்து வாங்கினான். அதற்குள் பார்த்து வைத்த ஜீப் கைமாறிவிட்டது; வேறொன்றைக் கூடுதல் விலைக்கு வாங்கினான். அன்றோடு பேச்சு நின்றது. ஒன்பது வருஷம்.

பேச்சு நின்றதுகூடப் பரவாயில்லை, ஜீப்தான் நிற்கவில்லை. ஜங்ஷனிலிருந்து எஸ்டேட் ஏறும் வழியில் அந்த ஜீப் எல்லோருக்கும் நிற்கும். மழையில் நனைந்தவனுக்கு நிற்கும், குடித்து விழுந்தவனுக்குக்கூட நிற்கும். பாஸ்கலைக் கண்டால் ஹாரன் மட்டும் அடிக்கும். அவர் ஓடைப்பக்கம் ஒதுங்கிப் பையைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ள, வண்டி தாண்டிப் போகும். அவரும் ரோஷக்காரர். நல்லதம்பிக்குத் தபால் வந்தால் வீட்டில் கொடுக்காமல் ஜீப்பின் வைப்பரில் செருகிவிட்டு வந்துவிடுவார்.

பெண்கள் இந்தச் சண்டைக்குள் போகவில்லை. நல்லதம்பியின் மனைவி சின்னத்தாயும் ரோசியும் ஒரே கூட்டத்தில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவர்கள். ரோசிக்கு முட்டி வலி வந்து, கடைசி வருஷங்களில் அன்றாடம் எடுக்கவேண்டிய நிறை எட்டாமல் போனபோது, எடை போடும் இடத்துக்கு வருமுன்னே சின்னத்தாய் தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி ரோசியின் சாக்கில் திணித்துவிடுவாள். கங்காணி பார்த்தும் பாராதது போல் இருப்பார். இல்லாவிட்டால் ரோசிக்கு அரை நாள் கூலிதான் விழுந்திருக்கும். முழு கிராஜுவிட்டிக்கு முன்பே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த ஜூன் மாதம் நல்லதம்பியின் மகள் மோனிஷாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. அந்த ஸ்பீட் போஸ்ட்டைக் கொண்டுபோனவர் பாஸ்கல். கையெழுத்து வாங்கவேண்டிய தபால் என்பதால் வைப்பரில் செருக முடியவில்லை, வாசலுக்கே போனார். மோனிஷா பிரித்துப் படித்துவிட்டு, "சீட் கெடச்சிருச்சு பெரியப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா படி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நல்லதம்பியிடம் சிட்டி இருந்தது, பெயரும் விழுந்துவிட்டது, பணமும் தயார். ஜாமீன்தான் இல்லை. அந்தப் பழைய வாத்தியார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை சின்னத்தாய் வந்தாள். பாஸ்கல் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார், எல்லாம் காதில் விழுந்தது.

"அவரு வரமாட்டாரு மதினி, அவரு ரோஷம் உங்களுக்குத் தெரியும். நான் கேக்கேன். அண்ணாச்சி இந்த ஒருவாட்டி ஒரு கையெழுத்து போடக்கூடாதா? ரிட்டயரானப்புறம் அதுவும் ஆகாதாமே."

"பாப்போம் சின்னத்தாயி. நீ அழாத" என்றாள் ரோசி.

சின்னத்தாய் போனதும் ரோசி உள்ளே வந்தாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"போயிச் சொல்லிட்டு வாங்க, என் கையெழுத்து செல்லாதுன்னு. அவுக வேற வழியாவது பாப்பாக."

"இன்னும் ரெண்டு மாசத்துல ரிட்டயர் ரோசி. அதுக்கப்புறம் எவன் வந்து என்னக் கேக்கப் போறான்? இத்தன வருசம் காப்பாத்தியாச்சு."

"என்னத்தக் காப்பாத்துனீங்க? ரெண்டு மாசம் கழிச்சு பென்ஷன் எங்கன்னு கேப்பான். அப்ப மீட்டிங் போறேன்னு சொல்லுவீங்களா?"

மறுநாள் காலையில் பாஸ்கல் காப்பியைக் குடித்துவிட்டு, லீவிலும் காக்கிச் சட்டையையே மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்து அலவன்ஸ் சீட்டையும் இலாகா அடையாள அட்டையையும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். "லீவு சொல்லிட்டேன். டவுனுக்குப் போறேன். சின்னத்தாயிட்ட சொல்லிரு, நல்லதம்பி வண்டிய எடுக்கட்டும்."

ரோசிக்குப் புரிந்தது. வாயால் சொல்ல முடியாததை ஆபீஸ்காரன் வாயால் சொல்ல வைக்கப் போகிறார். கூடவே அவருக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது: சட்டம் ஏதாவது மாறியிருக்கலாமே, இந்தத் தடவை எடுத்துக்கொள்ளலாமே. ஆசைக்கு வயசாவதில்லை. ரோசி சேலையை மாற்றிக்கொண்டு, "முட்டிக்கு மருந்து வாங்கணும், நானும் வாறேன்" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டாள்.

ஜீப்பில் பாஸ்கல் முன்னால் ஏறாமல் பின்னால் ரோசியோடு உட்கார்ந்தார். நல்லதம்பி கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான். "வேதத்துல இருக்குறது மாறிருச்சா அண்ணாச்சி?" என்றான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. பாஸ்கல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சிட்டி ஆபீஸில் ஜிபி என்ற மலையாள இளைஞன் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன், மரியாதையான பேச்சு. நல்லதம்பியின் பாஸ்புக்கைப் பார்த்தான். பிறகு பாஸ்கல் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தான். முகம் கொஞ்சம் மாறியது.

"சேட்டா, இது ஜி.டி.எஸ். அல்லே?"

"ஆமா."

"இது பார்ட்-டைம் ஜோலி. இது இவிடெ எடுக்கில்ல. கவர்மெண்ட் ஸ்டாஃப் வேணும், பெர்மனென்ட்." நல்லதம்பி தமிழ்க்காரன் என்று தெரிந்ததும் தமிழிலும் ஒரு தடவை சொன்னான்: "இவரு கவர்மெண்ட் ஸ்டாஃப் இல்ல சேட்டா."

நல்லதம்பி சீட்டைப் பார்த்தான், பாஸ்கலைப் பார்த்தான். "போஸ்ட்மேன் தம்பி இவரு" என்றான்.

"போஸ்ட்மேன் தான். பட்சே கவர்மெண்ட் ஸ்டாஃப் இல்ல."

"முப்பத்தஞ்சு வருசமா பை தூக்குறாரு."

"தூக்கலாம் சேட்டா. நம்ம ரூல்ல இல்ல."

பாஸ்கல் எதிர்பார்த்து வந்தது இதுதான், இருந்தாலும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தபோது, போட்டிருந்த காக்கிச் சட்டையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார். சீட்டைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார். "அதான் நான் நிக்கிறதில்ல" என்றார், நல்லதம்பிக்கு மட்டும் கேட்கும்படி.

ஒன்பது வருஷக் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நல்லதம்பியின் முகத்திலேயே அலைந்தது.

அப்போது ரோசி முன்னால் வந்தாள். "வேற என்ன குடுத்தா எடுப்பீங்க தம்பி?"

"கோல்டு, ஃபிக்ஸட் டெபாசிட், போஸ்ட் ஆபீஸ் சர்டிபிகேட், ஏதெங்கிலும் ஒண்ணு போதும்."

ரோசி கைப்பையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய கிராஜுவிட்டி இருந்தது. அது போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் பத்திரமானதற்குக் காரணமும் பாஸ்கல்தான். இலாகா அந்த வருஷம் ஊரில் டெபாசிட் பிடித்துத் தரச் சொல்லி அவருக்கு டார்கெட் வைத்தது. ஊரில் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் பெண்டாட்டியின் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டி இலாகா மானத்தைக் காப்பாற்றினார்.

"ரோசி" என்றார் பாஸ்கல். இரண்டு மாதத்தில் அவருக்கு வருமானம் நிற்கிறது. அவளுடைய சின்னப் பென்ஷனும் இந்தப் பத்திரமும்தான் இருவருக்கும் மிச்ச ஆயுசு. நல்லதம்பி ஒரு தவணை தவறினால் இதில்தான் கை வைப்பார்கள்.

நல்லதம்பிக்கும் அது தெரிந்தது. "வேண்டாம் மதினி. ஒங்க கஞ்சிக்கு வச்சிருக்கிறது" என்று பின்வாங்கினான்.

"சும்மா இருப்பா. இதுல பாதி எம்பணமே இல்ல. ஒம்பொண்டாட்டி அள்ளிப் போட்ட கொழுந்து. அவ போடலேன்னா எனக்கு ஏது கிராஜுவிட்டி? நீ தவண தவறுனா நான் சின்னத்தாயத்தான் பிடிப்பேன், ஒன்னய இல்ல."

ஜிபி பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினான். போஸ்ட் ஆபீஸில் அடமானம் பதிந்து கொண்டுவந்தால் போதும், வெள்ளிக்கிழமை காலையே பணம் தரலாம் என்றான். "நாளைக்கே பதிஞ்சு வாங்கிட்டு வாறேன்" என்றார் பாஸ்கல். அந்த வேலையாவது தெரிந்த வேலை. ஜிபி ஒரு காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தான்.

"சேச்சிக்கு என்ன ஜோலி?"

"கொழுந்து எடுத்தேன். இப்ப பென்ஷன்."

"ஹஸ்பண்டுக்கு?"

ரோசி வாயைத் திறக்கவில்லை. பாஸ்கலும் திறக்கவில்லை. என்ன எழுதச் சொல்வார்? இப்போதுதானே அந்தப் பையனே கவர்மெண்டு இல்லை என்று சொன்னான்.

"போஸ்ட்மேன்னு எழுதுங்க" என்றான் நல்லதம்பி. "ஒங்க ரூல்ல என்னமும் இருந்துட்டுப் போகுது. எங்க மலைக்கு ஏறி வந்த கவர்மெண்டு இவரு ஒருத்தருதான்."

ஜிபி போஸ்ட்மேன் என்று எழுதினான். பாஸ்கல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த ஆபீஸில் வேறு இடம் இல்லை.

திரும்பி வரும்போது தேயிலைச் சரிவு தொடங்கும் வளைவில் நல்லதம்பி வண்டியை ஓரங்கட்டினான்.

"ஒரு வார்த்த, செல்லாதுடான்னு ஒரு வார்த்த அன்னைக்கே சொல்லியிருந்தா என்னண்ணாச்சி? ஒங்கள எத்தன மழையில விட்டுட்டுப் போயிருக்கேன்."

"எப்பிடிடா சொல்லுவேன்? வீட்டுல பொண்ணு குடுத்தது அதுக்கு. கோவில்ல வரி வாங்குறது அதுக்கு. ஊரே கவர்மெண்டுன்னுச்சு." என்றார் பாஸ்கல். "இந்த வேலையில எனக்குச் சம்பளம்னு முழுசாக் கெடச்சது அந்தப் பேரு ஒண்ணுதான் தம்பி. அதையும் விட்டுட்டா நான் எதுக்கு மலையேறுனேன்?"

நல்லதம்பி வண்டியைக் கிளப்பினான்.

வெள்ளிக்கிழமை பணம் வந்தது, ஃபீஸ் கட்டியாயிற்று. ஜாமீன் கதை லயம் முழுக்கப் பரவுமென்று பாஸ்கல் பயந்துகொண்டிருந்தார். பரவத்தான் செய்தது, ஆனால் அவர் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் மலையேறி நடந்த மனுஷருக்குப் பென்ஷன்கூட இல்லையா என்று இலாகாவைத் திட்டினார்கள். கோவில் கணக்குப்பிள்ளை கூப்பிட்டுத் தொழிலாளி வரியில் மாற்றிவிடவா என்று கேட்டார். ரிட்டயர் ஆகும்வரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் பாஸ்கல். வீம்பு அவ்வளவு சீக்கிரம் போகிறதா.

சனிக்கிழமை காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஜங்ஷனில் பையை வாங்கிக்கொண்டு பாஸ்கல் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் ஜீப் சத்தம் கேட்டது, ஹாரனும் கேட்டது. பழகிய உடம்பு தானாகவே ஒதுங்கியது. ஒரு காலை ஓடைக்குள் வைத்து, பையைத் தூக்கிப் பிடித்து, முகத்தைச் சரிவுப் பக்கம் திருப்பிக்கொண்டு, வண்டி தாண்டட்டும் என்று நின்றார்.

வண்டி தாண்டவில்லை. யாரையோ இறக்கிவிடுகிறான் என்று நினைத்து அப்படியே நின்றார்.

"அண்ணாச்சி, ஓடைக்குள்ள எவ்வளவு நேரம் நிப்பீங்க? ஏறுங்க."

திரும்பிப் பார்த்தார். முன்சீட்டு காலியாக இருந்தது. ஒன்பது வருஷமாக ஒதுங்கிய கால், ஏறு என்றதும் உடனே வரவில்லை. முதலில் பையை நீட்டினார். நல்லதம்பி எட்டி, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான்.